உடலின் பொறுமையும் இரத்தப் புற்றும்

ஒரு சிவப்பணு நம் உடலில் ஏறத்தாழ 120 நாட்கள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் அது திரும்பத் திரும்ப மண்ணீரலுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அங்கே மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் இருக்கின்றன. கிருமி, சிதைந்த செல், மூப்படைந்த சிவப்பணு என்று எது வந்தாலும் பிடித்துத் தின்பதுதான் அவற்றின் வேலை. அப்படியிருக்க, நலமாக உள்ள சிவப்பணுவை மட்டும் அவை ஏன் தொடுவதில்லை?

விடை அந்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே சிடி47 என்றொரு புரதம் உண்டு. விழுங்கணுவின் மேலுள்ள ஓர் ஏற்பியோடு அது பொருந்தியதும் விழுங்கும் வேலை நின்றுவிடும். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ‘என்னைத் தின்னாதே’ சமிக்ஞை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிடி47 இல்லாத எலிகளின் சிவப்பணுக்களைச் சாதாரண எலிகளின் உடலில் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. மண்ணீரலின் விழுங்கணுக்கள் அந்தச் சிவப்பணுக்களை மிக விரைவாகத் தின்று தீர்த்துவிட்டன. சிவப்பணு தன் ஆயுளை முழுதாக வாழ்வது இந்த ஒரு மரபணு சரியாக வேலை செய்வதையும் பொறுத்திருக்கிறது.

2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் வைஸ்மனின் குழு இன்னொன்றைக் கண்டது. அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற கடுமையான இரத்தப் புற்றில், நோயைத் திரும்பத் திரும்ப முளைக்கச் செய்யும் மூலச் செல்கள் இதே சிடி47ஐ வழக்கத்தைவிட அதிகமாகச் சுமந்திருந்தன. அது அதிகமாக இருந்த நோயாளிகள் பிழைத்திருந்த காலமும் குறைவாக இருந்தது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் அருகருகே வைத்தால் இரத்தப் புற்றைப் பற்றிய ஒரு பெரிய உண்மை தெரியும். நோயெதிர்ப்பு மண்டலத்திடமிருந்து தப்புவதற்கு இரத்தப் புற்றுச் செல்கள் பெரும்பாலும் புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. நம் செல்கள் ஒன்றையொன்று தாக்காமல் வாழ்வதற்காக உடல் வைத்திருக்கும் மரபணுக்களையே அவை தம் வசமாக்கிக்கொள்கின்றன. சில புதிய மருந்துகள் சிலருக்கு வியக்கத்தக்க பலன் தருவதும், வேறு சிலருக்கு எதிர்பாராத தீங்கு செய்வதும் இதனால்தான்.

பொறுமை தானாக வருவதில்லை

தன் உடலைத் தானே தாக்காமல் இருக்கும் பண்பை மருத்துவம் ‘நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை’ என்கிறது. கிருமி இல்லாதபோது நோயெதிர்ப்புச் செல்கள் சும்மா இருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். உண்மையில் இந்தப் பொறுமை ஒவ்வொரு நாளும் உழைத்துக் காக்கப்படுவது. அந்த உழைப்பில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் ஒன்று கெட்டால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தே அவற்றின் வேலையை அறிவியல் கற்றுக்கொண்டது.

முதல் கட்டம் தைமஸ் சுரப்பியில் நடக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் சிறிய உறுப்பு இது. எலும்பு மஜ்ஜையில் பிறந்த டி செல்கள் இங்கே வந்துதான் முதிர்கின்றன. ஒவ்வொரு டி செல்லுக்கும் தனித்தனி ஏற்பி உண்டு. அந்த ஏற்பி எதைப் பிடிக்கும் என்பது தற்செயலாக அமைகிறது. அதனால் சொந்த உடலின் புரதங்களைப் பிடிக்கும் டி செல்களும் பிறந்துவிடுகின்றன. அவற்றைத் தைமஸிலேயே கண்டுபிடித்து அழித்தாக வேண்டும். ஆனால் இன்சுலின் கணையத்தில் சுரப்பது. அதைத் தாக்கக்கூடிய டி செல்லை நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் எப்படி அடையாளம் காணும்?

‘எய்ர்’ என்ற மரபணு இதைச் செய்கிறது. தைமஸின் சில செல்களில் இது இயங்கி, உடலின் வேறு உறுப்புகளுக்கு மட்டுமே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறிதளவு அங்கேயே உண்டாக்குகிறது. அவற்றை இறுகப் பிடிக்கும் டி செல்கள் அங்கேயே மடிகின்றன. 21ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. பிறவியிலேயே இது பழுதானவர்களுக்குப் பாராதைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்படுகின்றன. உலகில் அரிதான இந்த நோய் பின்லாந்தில் ஏறத்தாழ 25,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது.

தைமஸின் சோதனையைத் தாண்டியும் சில டி செல்கள் வெளியே வந்துவிடுகின்றன. அவற்றை அடக்கி வைக்க இரண்டாவது ஏற்பாடு இருக்கிறது. 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, மற்ற டி செல்களைத் தணித்து வைப்பதற்கென்றே ஒரு தனி வகை டி செல் இருப்பதைக் காட்டினார். அவற்றை ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்கிறோம். அமெரிக்காவின் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் பிறந்து சில வாரங்களில் இறந்துபோகும் ஓர் எலி இனத்தை ஆராய்ந்தார்கள். தோல் செதில்செதிலாகி, மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கி அந்த எலிகள் இறந்தன. பழுது ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவில் இருப்பதை 2001இல் இருவரும் வெளியிட்டார்கள். ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஒரு கொடிய தன்னெதிர்ப்பு நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்பது அப்போதே தெரிந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்கும் மரபணு ஃபாக்ஸ்பி3தான் என்பது 2003இல் உறுதியானது. இந்த மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது ஏற்பாடு ஒவ்வொரு டி செல்லுக்குள்ளும் இருக்கிறது. சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இரண்டும் டி செல்லின் மேல் தோன்றும் தடை ஏற்பிகள். வண்டிக்குப் பிரேக் போல, வேகமெடுத்த டி செல்லை இவை நிறுத்துகின்றன. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. அவற்றின் உறுப்புகளெல்லாம் டி செல்கள் மொய்த்துக் கிடந்தன. பிடி-1 இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏற மூட்டு அழற்சியும் சிறுநீரக அழற்சியும் வந்தன. பிடி-1ஐ 1992இல் கியோட்டோவில் கண்டுபிடித்தவர் டசுகு ஹோன்ஜோ. சிடிஎல்ஏ-4ஐத் தடுத்தால் எலிகளின் புற்றுக்கட்டிகள் கரைவதை 1996இல் காட்டியவர் ஜேம்ஸ் ஆலிசன். இருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிடி-1 தானாக இயங்குவதில்லை. எதிரே இருக்கும் செல்லின் மேல் பிடி-எல்1 அல்லது பிடி-எல்2 என்ற புரதம் இருந்தால்தான் தடை விழும். அழற்சி நீண்டு உடலுக்குச் சேதம் வரக்கூடும் என்ற நிலையில், நலமான செல்களே பிடி-எல்1ஐ வெளிக்காட்டி டி செல்களை நிறுத்துகின்றன. கிருமியோடு நடக்கும் சண்டையில் நம் நுரையீரலும் கல்லீரலும் பாழாகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

நலமான இரத்தத்தில் இந்த மரபணுக்கள்

இரத்தத்தின் நிலை மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபட்டது. தோலையோ குடலையோ நோயெதிர்ப்புச் செல்கள் காக்கின்றன என்று சொல்லலாம். இரத்தத்திலோ காப்பவையும் காக்கப்படுபவையும் ஒரே குடும்பம். எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களிலிருந்தே சிவப்பணு, தட்டணு, விழுங்கணு, டி செல், பி செல் எல்லாம் வருகின்றன. ஆகவே சகிப்புத்தன்மை மரபணுக்கள் இங்கே இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன.

மூலச் செல் மஜ்ஜையை விட்டு இரத்தத்துக்குள் இறங்கும்போது, வழியில் விழுங்கணுக்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். அந்தப் பயணத்துக்குச் சற்று முன்பு அது சிடி47ஐக் கூட்டிக்கொள்கிறது. மஜ்ஜைக்குள் திரும்பி அமர்ந்ததும் அளவு குறைகிறது. மஜ்ஜைக்குள் மூலச் செல்கள் தங்கும் இடத்தைச் சுற்றி ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குழுமியிருப்பதை 2011இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. வேறோர் எலியின் மூலச் செல்களைச் செலுத்தியபோதுகூட, அந்தப் பாதுகாப்பில் அவை ஒரு மாதம்வரை தாக்கப்படாமல் இருந்தன. நம் இரத்தம் பிறக்கும் இடத்தைச் சண்டை எட்டாத இடமாக உடல் வைத்திருக்கிறது.

அடுத்தது எச்எல்ஏ. 6ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுத் தொகுதியை, மாற்று உறுப்பு அல்லது மஜ்ஜைக்காகப் ‘பொருத்தம்’ பார்த்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களும் முதல் வகை எச்எல்ஏயைத் தம் மேற்பரப்பில் வைத்து, உள்ளே உண்டாகும் புரதங்களின் துண்டுகளை அதில் ஏந்தி டி செல்லுக்குக் காட்டுகின்றன. உள்ளே வைரஸ் இருந்தால் அதன் துண்டும் தெரிந்துவிடும். இரண்டாம் வகை எச்எல்ஏ விழுங்கணு, பி செல் போன்ற சில செல்களுக்கே உரியது.

ஒரு செல் எதையும் காட்டாமல் எச்எல்ஏயை மறைத்துக்கொண்டால் தப்பிவிடலாமா? அதற்கும் உடல் வழி வைத்திருக்கிறது. இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள், முதல் வகை எச்எல்ஏ இல்லாத செல்லைக் கண்டால் தாக்கும். இதை 1986இல் சுவீடனின் க்ளாஸ் காரெ குழுவினர் ஆய்வில் நிறுவினார்கள். சொந்த அடையாளத்தைக் காட்டும் செல்லுக்குப் பொறுமை. காட்டாத செல்லுக்குத் தண்டனை.

புற்று இவற்றை எப்படிக் கைப்பற்றுகிறது?

சிடி47 விஷயத்தில் பார்த்தது முதல் வழி: இருக்கும் மரபணுவை அதிகமாக இயக்குவது. வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயில் தெளிவாகத் தெரிகிறது.

ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றை 1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தார். இந்நோயில் வீங்கிய நிணநீர்க்கணுவை நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச் செல்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் எனப்படும் அந்தப் பெரிய செல்லைச் சூழ்ந்திருப்பவை எல்லாம் நலமான நோயெதிர்ப்புச் செல்கள். இத்தனை காவலர் நடுவில் அது எப்படி வாழ்கிறது என்பது நெடுநாள் புதிர்.

விடை 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் கிடைத்தது. பிடி-எல்1, பிடி-எல்2 மரபணுக்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்லில் அந்தப் பகுதி இரண்டு நகல்களோடு நிற்பதில்லை. பல நகல்களாகப் பெருகிவிடுகிறது. அதே பகுதியில் இருக்கும் ஜாக்2 என்ற மரபணுவும் சேர்ந்து பெருகி, பிடி-எல்1இன் உற்பத்தியை இன்னும் தூண்டுகிறது. பாஸ்டன் நகரில் மார்கரெட் ஷிப்பின் குழுவினர் 108 நோயாளிகளின் திசுக்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 97 சதவீதத்தினரிடம் இந்தப் பகுதியில் மாற்றம் இருந்தது. சுற்றியிருக்கும் டி செல்கள் வலுவிழந்து நிற்கவில்லை. ‘நிறுத்து’ என்ற கட்டளை அவற்றுக்கு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது.

தென்மேற்கு ஜப்பானில் அதிகம் காணப்படும் வயதுவந்தோர் டி செல் லுக்கேமியா இன்னொரு வழியைக் காட்டுகிறது. எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் தொற்றி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு மட்டும் வரும் நோய் இது. 1977இல் ஜப்பானின் கியோஷி தகாட்சுகியும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். எந்த மரபணுவிலிருந்தும் புரதம் உண்டாக, முதலில் ஆர்என்ஏ என்ற நகல் எழுதப்பட வேண்டும். வேலை முடிந்ததும் அந்த நகலைச் சிதைத்துவிடச் சொல்லும் குறிப்பு அதன் வால் பகுதியில் இருக்கும். இந்நோயாளிகளில் ஏறத்தாழ 27 சதவீதத்தினரிடம் பிடி-எல்1 மரபணுவின் அந்த வால் பகுதி அறுபட்டிருப்பதை 2016இல் ஜப்பானிய ஆய்வுக் குழு கண்டது. புரதத்தை எழுதும் பகுதி அப்படியே இருக்கிறது. அழிக்கும் குறிப்பு போய்விட்டதால் நகல்கள் அழியாமல் குவிகின்றன. பிடி-எல்1 அளவு மீறிப் பெருகுகிறது.

இந்நோயில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல நோயாளிகளின் புற்றுச் செல்கள் ஃபாக்ஸ்பி3ஐயும் வெளிப்படுத்துகின்றன. தணித்து வைக்கும் டி செல்லின் அடையாளத்தையே புற்று ஏந்தி நிற்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய தீங்கு செய்யாத பூஞ்சை, புழுத் தொற்றுகள்கூட இவர்களுக்குக் கடுமையாக வருவதுண்டு.

நான்காவது வழி அடையாளத்தைத் தொலைப்பது. லுக்கேமியா நோயாளிக்குப் பாதிப் பொருத்தமுள்ள தாய், தந்தை, பிள்ளை அல்லது உடன்பிறந்தவரிடமிருந்து மூலச் செல் எடுத்து மாற்றுவது இப்போது பரவலாக நடக்கிறது. கொடையாளியின் டி செல்கள் நோயாளியிடம் மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்லைப் பொருந்தாத எச்எல்ஏயால் அடையாளம் கண்டு கொல்லும். சிகிச்சையின் பெரும் பலமே அதுதான். இத்தாலியின் மிலான் நகரில் லூகா வாகோவும் உடன் ஆய்வாளர்களும், மாற்றத்துக்குப் பிறகு நோய் திரும்பிய 17 பேரை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். ஐந்து பேரின் புற்றுச் செல்களில், பொருந்தாத எச்எல்ஏ இருந்த 6ஆம் குரோமோசோம் பகுதியே காணவில்லை. அந்த இடத்தில், கொடையாளியோடு பொருந்தும் மறு பாதியின் இரண்டாம் நகல் உட்கார்ந்திருந்தது. குரோமோசோமை எண்ணினால் குறை தெரியாது. எச்எல்ஏயின் மொத்த அளவும் குறையவில்லை; ஆகவே கொல்லி அணுக்களின் கண்ணிலும் அது குறையாகப் படாது.

ஐந்தாவது வழி இதைவிட எளியது: மரபணுவை இழக்காமல் அதை ஓயவைத்துவிடுவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாற்றத்துக்குப் பிறகு நோய் திரும்பியவர்களைப் பற்றி 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 34 பேரில் 17 பேரின் லுக்கேமியா செல்களில் இரண்டாம் வகை எச்எல்ஏ குறைந்திருந்தது. மரபணுக்கள் சிதையவில்லை, இயக்கம்தான் அடங்கியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சேர்த்ததும் அந்த எச்எல்ஏ மீண்டும் வெளிவந்தது. தொலைந்ததைத் திருப்ப முடியாது; அடங்கியதை எழுப்பலாம். இந்த வேறுபாடு சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது.

மருந்து எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை?

பிடி-1இன் தடையை விலக்கும் நிவோலுமாப் என்ற மருந்தை, பல சிகிச்சைகளுக்குப் பிறகும் ஹாட்ஜ்கின் லிம்போமா அடங்காத 23 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவு 2015இல் வெளியானபோது புற்று மருத்துவ உலகமே நிமிர்ந்து பார்த்தது. 20 பேருக்கு நோய் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் மூலச் செல் மாற்றம் வரை போய்த் திரும்பியவர்கள். பிடி-எல்1 நகல்கள் பெருகியிருப்பதையே நம்பி வாழ்ந்த புற்று, அந்த ஒரு வழியை அடைத்ததும் தளர்ந்தது. பின்னர், முற்றிய நிலையில் முதன்முறையாகச் சிகிச்சை பெறுபவர்களுக்கே இம்மருந்தைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டாண்டுகள் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 92 சதவீதம். ஒப்பிட்ட மற்ற சிகிச்சையில் 83 சதவீதம். இம்முடிவு 2024இல் வெளியானது.

வயதுவந்தோர் டி செல் லுக்கேமியாவிலும் பிடி-எல்1 பெருகியிருக்கிறதே, அதே மருந்து அங்கும் உதவும் என்று எண்ணுவது இயல்பு. 2018இல் வெளியான அமெரிக்க மருத்துவர்களின் குறிப்பு வேறு செய்தி சொன்னது. நிவோலுமாப் கொடுக்கப்பட்ட முதல் மூன்று நோயாளிகளுக்கும் ஒரே தவணைக்குப் பிறகு நோய் வேகமாக முற்றியது. காரணத்தைச் சிந்தித்தால் புரியும். இங்கே புற்றானதே டி செல். பிடி-1 டி செல்லின் தடை. அந்தத் தடை, புற்றாகிவிட்ட டி செல்லையும் ஓரளவு பிடித்து வைத்திருக்கக்கூடும். அதற்கு முந்தைய ஆண்டில், டி செல் லிம்போமா உருவாவதை பிடி-1 தடுக்கிறது என்று எலிகளில் செய்த ஆய்வொன்று காட்டியிருந்தது. மனிதர்களின் டி செல் லிம்போமாக்களிலும் இந்த மரபணு அடிக்கடி தொலைந்திருப்பதை அதே ஆய்வு சுட்டியது. ஒரு நோயில் புற்றுக்கு அரணாக இருக்கும் தடை, இன்னொரு நோயில் புற்றுக்கே தடையாக இருக்கிறது.

சிடி47இன் கதை வேறு. மேக்ரோலிமாப் என்ற மருந்து அதை மறைத்து, விழுங்கணுக்கள் லுக்கேமியா செல்லைத் தின்ன வழி செய்யும் என்று நம்பிக்கை இருந்தது. ஆனால் சிடி47 சிவப்பணுக்களிலும் இருக்கிறது. மருந்தைத் தொடங்கியதும் இரத்தசோகை வந்தது. முதலில் சிறிய அளவு கொடுத்து, மூத்த சிவப்பணுக்கள் கழிந்து இளையவை வந்த பிறகு அளவைக் கூட்டும் முறையால் அதைச் சமாளித்தார்கள். ஆயினும் பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மஜ்ஜை நோய் ஒன்றிலும் அக்யூட் மைலாய்டு லுக்கேமியாவிலும் நடந்த சோதனைகள் 2023, 2024 ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. நலமான செல்லும் புற்றுச் செல்லும் ஒரே சமிக்ஞையைச் சுமக்கும்போது, அதை மறைப்பதால் மட்டும் இரண்டையும் பிரித்துவிட முடியாது.

இவை மூன்றிலும் மருந்தின் வலிமை மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. புற்றானது எந்தச் செல், அதில் மாறியிருப்பது எந்த மரபணு, நலமான செல்களுக்கு அதே மரபணு எவ்வளவு தேவை: இந்த மூன்று கேள்விகளின் விடையில்தான் பலனும் தீங்கும் பிரிகின்றன.

நோயாளியும் குடும்பமும் அறிய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்று என்றதும் சுற்றத்தார் முதலில் சொல்வது, “எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதாலதான் வந்திருக்கு, அதைக் கூட்டுற மாதிரி ஏதாவது குடுங்க” என்பதுதான். அன்பால் சொல்கிறார்கள். ஆனால் மேலே கண்டவற்றை நினைத்துப் பாருங்கள். ஹாட்ஜ்கின் நோயாளியின் நிணநீர்க்கணுவில் டி செல்களுக்குப் பஞ்சமே இல்லை. அவை தடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. டி செல் லுக்கேமியாவில் எதிர்ப்புச் செல்லே புற்றாகிவிட்டது. கஷாயமோ பொடியோ மரபணு நகல்களைக் குறைக்காது. தொலைந்த எச்எல்ஏயைத் திருப்பித் தராது. நோயாளி உடலைச் சரியாகப் பேணவில்லை என்ற பழியையும் யாரும் சுமத்த வேண்டியதில்லை. சத்தான உணவும் தொற்றிலிருந்து பாதுகாப்பும் அவசியம். மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்காமல் இருப்பது அதைவிட அவசியம்.

தடையை விலக்கும் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் அதன் பக்கவிளைவுகளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவை கீமோதெரபியின் பக்கவிளைவுகளைப் போன்றவை இல்லை. நலமான உறுப்புகளைக் காத்துவந்த தடையும் சேர்ந்தே விலகுவதால், டி செல்கள் சொந்த உடலைத் தாக்கத் தொடங்கலாம். குடலைத் தாக்கினால் நிற்காத வயிற்றுப்போக்கு. நுரையீரலைத் தாக்கினால் இருமலும் மூச்சிரைப்பும். கல்லீரலைத் தாக்கினால் மஞ்சள் காமாலை. தைராய்டைத் தாக்கினால் நீங்காத சோர்வு, எடை மாற்றம். தோலில் தடிப்பும் அரிப்பும். மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் இவை தோன்றலாம். தொடக்கத்திலேயே சொன்னால் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு மருந்தால் அடக்கிவிட முடியும். ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று வயிற்றுப்போக்கோடு நான்கு நாள் காத்திருப்பது ஆபத்து. வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும், இந்த வகை மருந்து எடுப்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூலச் செல் மாற்றம் செய்துகொண்டவர்களும், செய்யவிருப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொடையாளியின் டி செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் அபாயம் மாற்றத்திலேயே உண்டு. தடையை விலக்கும் மருந்து அதைக் கடுமையாக்கக்கூடும். மாற்றத்துக்கு முன்போ பின்போ இம்மருந்தைப் பயன்படுத்துவது நிபுணர்கள் நாள் கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு.

மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாத சில கேள்விகள் உண்டு. என் நோய் எந்தச் செல்லிலிருந்து வந்தது? இந்த மருந்து தடுக்கும் புரதம் என் புற்றில் மாறியிருக்கிறதா, அதைச் சோதிக்க வேண்டுமா? எந்த அறிகுறி வந்தால் நள்ளிரவிலும் அழைக்க வேண்டும்?

பாதிப் பொருத்த மாற்றத்துக்குப் பிறகு நோய் திரும்பியிருந்தால் இன்னொரு கேள்வி மிக முக்கியம்: திரும்பிவந்த புற்றுச் செல்லில், கொடையாளியோடு பொருந்தாத எச்எல்ஏ இன்னும் இருக்கிறதா? இருந்தால், அதே கொடையாளியின் வெள்ளணுக்களை மறுபடி செலுத்துவது பயன் தரலாம். தொலைந்திருந்தால் அந்த வெள்ளணுக்களுக்குப் புற்று கண்ணில் படாது. தாக்குதல் நலமான திசுக்களின் மேல் விழும். அப்போது வேறு வகையில் பொருந்தாத இன்னொரு உறவினரைக் கொடையாளியாகத் தேடுவதே அறிவுடைமை. தாயிடமிருந்து பெற்றவருக்குத் தந்தையின் பக்கத்திலிருந்து கிடைக்கும் மூலச் செல் பலன் தரக்கூடும்.

திரும்பிவந்த நோய்க்குப் பழைய பெயர்தான் இருக்கும், செல்கள் மாறியிருக்கலாம். அதனால்தான் நோய் திரும்பும் ஒவ்வொரு முறையும் மஜ்ஜையையோ கணுவையோ மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். ஊசி குத்தும் வலியும் செலவும் குடும்பத்துக்குப் பெரும் சுமை என்பது உண்மை. ஆனாலும் உடலின் பொறுமையை இந்தப் புற்று இம்முறை எந்த வழியில் தனதாக்கியிருக்கிறது என்று சொல்லக்கூடியது அந்தச் சோதனை ஒன்றுதான். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.